பன்னிரண்டு மணிக்குள் போகவேண்டிய படங்கள்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஒயரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஐந்து மாடிகளிலும் கூரைப் பலகைகளுக்கு மேலே ஓடும் நீலக் கம்பிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். எந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். அன்று காலை வந்த போன் வேறு. பல் தேய்த்துக்கொண்டிருந்த அவள் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்துவிட்டான். அண்ணி அவனை அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தாள்.

மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பலூன்போல உப்பிக் கசியத் தொடங்கியிருந்தது. இன்னொரு தடவை கசிந்தால் அவ்வளவுதான். இங்கிருக்கும் சர்ஜனுக்கு அறுவை தெரியும், ஆனால் இந்த மாதிரி இடத்தில் தனியாகக் கைவைத்ததில்லை. இரண்டு கடல் தாண்டியிருக்கும் பெரிய டாக்டர் படங்களைப் பார்த்து வழி சொன்னால் உடனே தொடங்கத் தயார்.

"இங்க மணி பன்னிரண்டு ஆகும்போது அவர் வேறொரு ஆபரேஷனுக்கு உள்ள போயிடுவார். வெளிய வர ஆறு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள படம் போய்ச் சேரணும்" என்றார் சர்ஜன்.

"போன்ல படம் பிடிச்சு அனுப்பினா ஆகாதா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆயிரத்து எண்ணூறு படம்மா. எல்லாம் சேர்த்துப் பார்த்தாதான் குழாய் எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரியும்."

அப்போது மணி பத்தே முக்கால்.

ஸ்கேன் அறையின் பக்கத்து அடைசலில் அவள் படங்களை அனுப்பத் தொடங்கினாள். இன்னும் நான்கரை மணி நேரம் ஆகும் என்று திரை காட்டியது.

"நத்தைகூட இதைப் பார்த்துச் சிரிக்கும்" என்றார் ஸ்கேன்காரர். பிறகு அது யாருடைய படம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்லண்ணே. லைன்ல குத்தமில்ல. மெஷினோட பழக்கம் அப்படி."

உண்மைதான். லைன் தடிமனானது, தூரம்தான் அதிகம். கம்ப்யூட்டருக்குப் பிறந்த நாளில் சொல்லிக்கொடுத்த பழக்கம் இது: ஒரு கை நிறையக் கொடு, வந்து சேர்ந்தது என்று பதில் வரும்வரை சும்மா நில். பக்கத்து அறைக்கு அனுப்பினால் பதில் இமைப்பதற்குள் வந்துவிடும். கடல் தாண்டிப் போய்த் திரும்பும்போது வேலை கொஞ்சமாகவும் நிற்பது நிறையவுமாக ஆகிவிடும். கை நிறையக் கொடுப்பதை வண்டி நிறையக் கொடு என்று மாற்றினால் நான்கரை மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் இரண்டு முனையிலும் மாற்ற வேண்டும்.

அதற்கு அவளிடம் கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளாக ஏழு வரிகள் இருந்தன. மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை. கட்டடத்துக்குள் எந்த சர்வர் மந்தமானாலும் அந்த ஏழையும் அப்படியே ஒட்டுவாள், அது ஓடத் தொடங்கும். முதல் ஆறும் வண்டி நிறைய அனுப்பச் சொல்பவை. ஏழாவது, அனுப்புவதைத் துண்டு துண்டாக்கிக் கட்டும் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஆறு மடங்கு பெரிதாக்கச் சொல்வது.

அந்த முனையில் இருந்த கம்ப்யூட்டர்காரனை அவள் குரலாக மட்டுமே அறிவாள். அக்கரைக்காரன் என்று பெயர் வைத்திருந்தாள்.

"வரியெல்லாம் வந்துச்சு அக்கா. ஏழும் போடணுமா?"

"ஏழும்தான். யோசிக்காம போடு, எங்க அண்ணன் படம்டா."

"போட்டாச்சு."

அவளும் போட்டாள். முதலில் சோதிப்பதற்காக ஒரு பக்க ரிப்போர்ட்டை அனுப்பினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு உயிர் வந்தது. ஆயிரத்து எண்ணூறையும் ஏவினாள். திரையில் முதல் படத்தின் எண் தோன்றியது. மணி பதினொன்று ஐந்து.

வாசலில் அண்ணி நின்றாள். "முழிச்சிருக்காரு. உன்னைத்தான் கேக்குறாரு. வாம்மா, ரெண்டு நிமிஷம்."

ஸ்கேன்காரர் அடுத்த நோயாளியைப் படுக்கவைக்க உள்ளே போய்விட்டார். திரையின் முன்னால் யாரும் இல்லை.

அண்ணன் வெளிச்சம் கூசாமல் இருக்கக் கண்களைப் பாதி மூடியிருந்தான். "என்ன வாண்டு, என் தலைக்குள்ள என்ன இருக்குன்னு படம் எடுத்தாங்களாமே? ஒண்ணுமே இல்லைன்னு வந்துச்சா?"

"ஆயிரத்து எண்ணூறு படம். உன் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு எடுக்கல."

"அப்பவும் இப்படித்தான் தலை சுத்துச்சு" என்றான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் கையில் செல்லமாகத் தட்டினாள். அவன் தங்கையின் விரல்களை விடவில்லை. மழையில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தது அவளா அவனா என்று, இருபது வருடமாகத் தீராத வழக்கை மறுபடி எடுத்தான். பாதியில் தூங்கிப்போனான். விரல்களை உருவினால் விழித்துவிடுவானோ என்று அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்ற நினைப்பு ஒரு போர்வைபோல அவளை மூடியிருந்தது.

போன் அதிர்ந்தபோது மணி பதினொன்று முப்பத்தெட்டு. "அக்கா, படம் எப்ப அனுப்பப் போறீங்க? இங்க ஒண்ணுகூட வரல."

ஓடினாள். திரையில் அதே முதல் எண். அதற்கு எதிரே பூஜ்யம்.

லைன் அறுந்துவிட்டதா என்று பார்த்தாள், இல்லை. ரிப்போர்ட்டை மறுபடி அனுப்பினாள், போனது. படத்தை அனுப்பினாள், நின்றது. கம்பியைப் பிடுங்கிச் செருகினாள். அக்கரைக்காரனைத் திட்டினாள். ரிப்போர்ட் போகிறது, படம் போகவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். சின்னது போகிறது. பெரியது போகவில்லை.

ஏழாவது வரி. கட்டடத்துக்குள் இருக்கும் கருவிகளெல்லாம் பெரிய பாக்கெட்டைத் தாங்கும், ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கியவளே அவள்தான். கடல் வழியில் இருப்பவை அவள் வாங்கியவை அல்ல. ஏதோ ஒரு நடுவழிக் கருவி பெரிதையெல்லாம் சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது, போட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஒரு பக்க ரிப்போர்ட் ஒற்றைச் சின்ன பாக்கெட். அதை வைத்து அவள் சோதித்திருந்தாள்.

"ஏழாவது வரியை எடுத்துடு. இப்பவே!" என்று போனில் அக்கரைக்காரனிடம் கத்தினாள். தன் பக்கமும் எடுத்துவிட்டு மறுபடி ஏவினாள்.

மணி பதினொன்று ஐம்பத்தாறு. இந்த முறை எண்கள் மளமளவென்று ஓடின. நூறு, முன்னூறு, அறுநூறு. பன்னிரண்டு அடிக்கும்போது எழுநூற்று இருபது.

"அக்கா, அவர் கைகழுவிட்டு உள்ள போயிட்டார். கதவைச் சாத்திட்டாங்க."

"தட்டு."

"அந்தக் கதவைத் தட்ட முடியாது அக்கா."

ஆயிரத்து எண்ணூறாவது படம் பன்னிரண்டு ஆறுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்று நாற்பதுக்கு அண்ணனுக்கு இரண்டாவது தடவை கசிந்தது. வழி சொல்ல ஆளில்லாமலே சர்ஜன் உள்ளே கொண்டுபோனார். நான்கு மணிக்கு வெளியே வந்து, முகமூடியைக் கழற்றாமலே இல்லை என்று தலையை அசைத்தார்.

ஆறே காலுக்குப் பெரிய டாக்டர் போனில் பேசினார். அதை சர்ஜன் அவளிடம் மட்டும் தாழ்வான குரலில் சொன்னார். "வலது பக்கமா போயிருக்கலாமாம். பதினொன்றரைக்கு ஆரம்பிச்சிருந்தா முடிச்சிருக்கலாமாம்."

காத்திருப்பு அறையில் அண்ணி தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "இவ பாவம், நாய் மாதிரி ஓடினா. அந்த டாக்டர்தான் அஞ்சு நிமிஷம் பொறுக்கல."

அவள் அண்ணியின் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணிக்குப் புரியவேண்டும் என்று பாக்கெட், வரி என்ற வார்த்தைகளை விட்டுவிட்டுச் சொன்னாள். "நான் தப்பா ஒண்ணு செஞ்சேன் அண்ணி. அது படத்தை முக்கால் மணி நேரம் நிறுத்திடுச்சு. நான் பார்க்கல."

அண்ணி திட்டுவாள், அடிப்பாள் என்று அவள் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது.

"நீ அங்கயே உட்கார்ந்திருந்தா உடனே தெரிஞ்சிருக்குமா?"

அவள் அணைத்த போனை அண்ணியின் மடியில் வைத்தாள்.

"கேக்குறேன்ல. தெரிஞ்சிருக்குமா?"

"ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

"நான்தானே வந்து உன்னைக் கூப்பிட்டேன்" என்றாள் அண்ணி.

இல்லை அண்ணி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆனால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும் என்று சொன்னவளே அவள்தான்.