இரண்டாயிரத்து எண்ணூறில் நிற்க வேண்டிய முள்

வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டே, கூடப் பிறந்த தம்பி என் வேலையைக் குப்பை என்றான்.

எங்கள் பட்டறையில் முன்பாதி என் கணவருடையது, இஞ்சின் வேலை. பின்பாதி என்னுடையது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் டார்க் கன்வெர்ட்டரும். இஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் உருண்டைதான் கன்வெர்ட்டர். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் இஞ்சின் ஒரு வேகம் வரைக்கும்தான் ஏறும், பிறகு நின்றுவிடும். அதற்குப் பெயர் ஸ்டால். அது எந்த வேகம் என்று சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் என் பெயர் இருக்கிறது. இந்தத் தொழிலில் ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் வருவார். ஒருவர் சொன்னால் வராமலும் போவார்.

தம்பி நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றில் ஸ்டால் கேட்டான்.

"ரேஸ் ஓட்டுற எல்லாரும் அதான்க்கா போடுறாங்க."

"எல்லாரும் அந்த வண்டியிலயே பொண்டாட்டி புள்ளைய ஏத்திக்கிட்டு தினம் ஆபீஸ் போறாங்களா? சிக்னலுக்குச் சிக்னல் வழுக்கி, எண்ணெய் கொதிச்சு, நடுரோட்டுல நிப்ப. அப்ப எனக்குப் போன் பண்ணாத."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். கடைசியில் இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இறங்கி வந்தான்.

ஆனால் கன்வெர்ட்டருக்கென்று தனியாக ஒரு எண் கிடையாது. இஞ்சினின் பலத்தைப் பார்த்துத்தான் உள்ளே இருக்கும் தகடுகளை வளைக்க வேண்டும். பலசாலி என்று நம்பி இறுக்கமாகக் கட்டியதை ஒரு நோஞ்சான் இஞ்சினில் மாட்டினால் சுழற்சி காட்டும் முள் சொன்ன எண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அதனால் கணவரிடம் கேட்டேன்.

"அவன் கேட்ட பெரிய கேம் ஷாஃப்ட் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

வால்வுகளை இன்னும் உயரத் திறந்து இஞ்சினுக்குப் பலம் கூட்டும் கேம் அது. வெளியாள் சொல்லியிருந்தால் அளந்து பார்த்திருப்பேன். கட்டின புருஷன் சொன்னதை எவள் அளப்பாள்?

மாட்டினேன். தம்பி மிதித்தான். முள் இரண்டாயிரத்து முந்நூறில் நின்றது.

"எண்ணூறுன்னு சொல்லிட்டு முந்நூறுல நிக்குது. குப்பை வேலை. உனக்குக் கணக்கே வரலக்கா. வெளியில குடுத்திருக்கணும், சொந்தம்னு பாத்தது என் தப்பு."

நின்றிருந்த வாடிக்கையாளர்களில், கியர்பாக்ஸை இறக்க வந்திருந்த வேன்காரரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்புறம் வரேம்மா" என்று சொல்லிவிட்டு வேனைத் திருப்பினார். என் கணவரோ ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கன்வெர்ட்டரைக் கழற்றி, லேத்தில் வெட்டித் திறந்தேன். தகடுகளின் கோணத்தைத் திரும்பத் திரும்ப அளந்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. என் பக்கம் தப்பில்லை என்றால் தப்பு எங்கே இருக்கும்?

அவர் பாதியில் நான் கை வைப்பதில்லை, என் பாதியில் அவரும் வைப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் ஏற்பாடு அது. அன்று அதைத் தூக்கி எறிந்தேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் தம்பி வண்டியின் வால்வு கவரைக் கழற்றி, உயரம் அளக்கும் டயல் கேஜை வைத்து, இஞ்சினைக் கையால் சுற்றினேன். வால்வு பழைய உயரத்துக்குத்தான் எழுந்தது. அவருடைய மேசைக்கு அடியில், பழந்துணியில் சுற்றி, முனை தெறித்த புது கேம் கிடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார் மனிதர்.

அவர் திரும்பி வந்ததும் அதை மேசை மேல் வைத்தேன்.

"கை தவறி விழுந்துருச்சு," என்றார். "வேற வர நாளாகும்னு பழசையே போட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? பழசுக்கு ஏத்த மாதிரி கட்டியிருப்பேனே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"சரி, அவன் அத்தனை பேர் முன்னாடி என்னைப் பேசினானே, அப்ப?"

கேமை எடுத்துத் திரும்பப் பழந்துணியில் சுற்றினார்.

"அவன் உன் தம்பி, ரெண்டு நாள்ல மறந்துடுவான். என் பேர் கெட்டா கடை என்னாகும், யோசிச்சுப் பாரு."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. இத்தனை வருஷம் பின்பாதியில் குனிந்து கிடந்தவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

"வேன்காரர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம் தம்பிகிட்ட. நீங்க சொல்ற வரைக்கும் அவன் வண்டி இப்படியே கெடக்கும்."

போனார். வேன்காரர் மறுநாளே கியர்பாக்ஸோடு வந்துவிட்டார். தம்பியும் வந்தான், தலையைக் குனிந்துகொண்டு. "மாமா சொன்னாரு. மன்னிச்சுக்கக்கா." பழைய கேமுக்கே தகடுகளைத் தளர்த்திக் கட்டிக் கொடுத்தேன். முள் இரண்டாயிரத்து எண்ணூறில் நின்றது.

போன வாரம் என் கணவர் வேறொரு வண்டியை என் பாதிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இதுக்குப் பெரிய கேம் போட்டாச்சு. மூவாயிரத்துக்குக் கட்டிடு."

டயல் கேஜைக் கையில் எடுத்தேன்.

"கவரைக் கழட்டுங்க."