மைக் முன் நின்றவர்

அப்பாவின் சட்டைக்குக் கழுத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தபோது தம்பி சமையலறையிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வா. அம்மாவக் கூட்டிட்டு வராத."

குரலே சரியில்லை. பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள். தூக்கத்திலேயே போய்விட்டவருக்குப் பொத்தான் எதற்கு? ஆனால் அது திறந்திருந்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. எதைச் செய்வதற்கு முன்பும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஆள்.

அப்பா ஊமை. பிறவியிலேயே அப்படி என்று அம்மா சொல்லித்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பூட்டு ரிப்பேர் கடைக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. சாவியைத் தொலைத்தவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள். வீட்டில் மேசையை ஒருமுறை தட்டினால் வேண்டாம், இரண்டு முறை தட்டினால் சரி. சண்டை வந்தால் அம்மாதான் ஜெயிப்பாள், எதிர்க்கட்சியில் ஆளே கிடையாது. அப்பா தன்னை ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று சின்ன வயதில் அவள் ஏங்காத நாளில்லை.

தம்பி போனை நீட்டினான். காலையில் துக்கம் விசாரிக்க வந்த பெரியவர் கிளப்பிவிட்ட வேலை இது. அப்பாவோடு பெயிண்ட் ஃபாக்டரியில் இருந்தவராம். வலது கை முழுக்கத் தீக்காயத் தழும்பு. "உங்கப்பா மைக்கப் புடிச்சா ஃபாக்டரியே சிரிக்கும்மா. படம்கூடப் புடிச்சாங்க" என்றார்.

"ஆள் மாறி வந்துட்டீங்க போலருக்கு. எங்கப்பாவுக்குப் பேச்சு வராதுங்க."

பெரியவர் அவளையே பார்த்தார். டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

படம் என்றதும், மாலை போட நல்ல போட்டோ ஒன்று கிடைக்கட்டுமே என்று தம்பி ஃபாக்டரி பெயரைத் தேடியிருக்கிறான். பழைய செய்திப் படங்களைச் சேர்த்து வைக்கும் இணையதளம் ஒன்றில் அது இருந்தது.

கறுப்பு வெள்ளை. புது மிஷின் திறப்பு விழா. மேடையில் ஒல்லியாக ஒருவன் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மைக்கை இழுத்தான்.

"இந்த மிஷின் வந்ததால யாருக்கும் வேலை போகாது. ஏற்கெனவே வேலை செய்யாம இருக்கோமே, நாங்கதான் கொஞ்சம் பயப்படணும்!"

கூட்டம் சிரித்தது. அவள் ஸ்டவ் மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த காட்சியில் பின்னால் புகை. ஆட்கள் வாசலை நோக்கி ஓடி வருகிறார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் அப்பாவின் காதில் ஏதோ சொல்கிறார். அப்பா பொத்தானைத் தொடுகிறார்.

"பயப்படாதீங்க. சின்னப் புகைதான். எல்லாரும் உள்ள போங்க."

ஓடி வந்தவர்கள் நின்றார்கள். திரும்பினார்கள். அப்பாவின் பேச்சைக் கேட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பிறகு திரை வெள்ளையாகிவிட்டது. உள்ளே போனவர்களில் பாதிப் பேர் வெளியே வரவில்லை என்று கீழே ஒரு வரி இருந்தது.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் போனை வாங்கிக்கொண்டாள். பேச முடிந்தவர். இத்தனை வருஷம் பேச முடிந்தவர்.

போனோடு நேரே அம்மாவிடம் போனாள்.

"தெரியுமாம்மா உனக்கு?"

அம்மா படத்தைப் பார்க்கவில்லை. பேசினவர் யாரென்று கேட்கவும் இல்லை.

"தூக்கத்துல பேசுவாரு" என்றாள். "உள்ள போங்க, உள்ள போங்கன்னு. விடிய விடிய அதே பேச்சு. அதான் உங்க ரெண்டு பேரையும் தனி ரூம்ல படுக்க வச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த பேசியிருக்கலாமே. என் பேர மட்டுமாவது சொல்லியிருக்கலாமே."

"நீ பொறந்தப்ப நானும் கேட்டேன். வாயத் தொறந்தாரு. ஒடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு. அப்புறம் நான் கேக்கவே இல்ல."

பிறகு அம்மா, "முழிச்சிருக்கும்போது எப்படிப் பேசுவாருன்னு எனக்கும் தெரியாது. போடு" என்றாள்.

மிஷின் பேச்சு ஓடியது. கூட்டம் சிரித்த இடத்தில் அம்மாவும் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். புகை தெரிந்ததும் திரையை உள்ளங்கையால் மூடினாள்.

"போதும்டி."

வண்டி வந்துவிட்டது. நாலு பேர் உள்ளே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவள் குனிந்து, பாதியில் விட்ட பொத்தானை மாட்டினாள்.

"எடுக்கலாமாம்மா?" என்று டிரைவர் கேட்டார்.

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார்.

அவள் கட்டில் சட்டத்தை இரண்டு முறை தட்டினாள்.