ஒட்டுப்போட்ட சிறகெலும்பு

பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்த நான் யம்மாவைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. முற்றத்திலேயே உட்கார்ந்து, துணியில் சுற்றியிருந்த எலும்பை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தேன். காசாபிளாங்காவிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் குழந்தை என்று நினைத்து வழியெல்லாம் குரலைத் தாழ்த்திப் பேசினார். எலும்பின் நடுவில், மோதிரம் மாட்டிய தடம் போல, அந்தக் கோடு அப்படியேதான் இருந்தது. வழியில் எங்காவது மறைந்துபோயிருக்கும் என்று நான் நினைத்தேனா என்ன?

திங்கட்கிழமை எனக்கு வாய்மொழித் தேர்வு. இன்று வெள்ளி. செவ்வாயன்று ஆய்வுக்கூடத்தில், படம் எடுப்பதற்காக எலும்பைத் துடைத்தபோது, அசிட்டோனில் நனைத்த பஞ்சு சிவப்பாக வந்தது. கல்லாகிப்போன எலும்பு சாயம் விடாது. செம்மண்ணைச் சலித்துப் பசையில் குழைத்து, ஒட்டிய இடத்தின் மேல் பூசி, விரலால் நீவிவிடுவது, எலும்பு தோண்டி விற்கும் எங்கள் ஊர் வேலை. எட்டு வயதில் நானே குழைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் மூன்று வருடம் இதைக் கையில் வைத்திருந்து கவனிக்கவில்லை என்றால், கவனிக்க விரும்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இது டைனோசர் காலத்துச் சிறகுப் பல்லி ஒன்றின் மேற்கை எலும்பு. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். நின்றால் ஒட்டகச்சிவிங்கி உயரம் இருந்திருக்கும் பிராணி. அவ்வளவு பெரியது பறந்ததா என்பதுதான் சண்டை. பறந்திருக்கவே முடியாது, அந்த எடைக்குத் தீக்கோழி மாதிரி நடந்துதான் திரிந்திருக்கும் என்று ஒரு கூட்டம். பறந்தது, ஆனால் பறவை மாதிரி காலால் எம்பியிருக்காது, முன்னங்கை இரண்டையும் தரையில் ஊன்றி, கையின் பலத்தில் உடம்பைத் தூக்கி எறிந்திருக்கும் என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம். இந்த எலும்பின் மேல்பாதியில், தசை பிடிப்பதற்குக் கோடாரி அலகு போல ஒரு பெரிய விளிம்பு இருக்கிறது. கீழ்ப்பாதி நீண்டு, தேய்ந்த கரண்டி கனத்தில் மெல்லிய சுவரோடு உள்ளே கூடாக இருக்கிறது. பலமும் உண்டு, கனமும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது எழும்புகிறது. நூற்றிருபது பக்கம் எழுதியிருக்கிறேன். இரண்டு பாதியும் ஒரே பிராணியுடையதாக இருந்தால்.

என் ஆய்வு நெறியாளர், பேராசிரியர் பெர்ராதாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “உடைஞ்சதை ஒட்டியிருக்காங்களா, இல்ல வேற வேற எலும்பை ஒட்டியிருக்காங்களா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “உங்க ஊர் ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கும் பாதி எலும்புகளை எங்கள் ஊர்க்காரர்கள் வயிற்றால் ஊர்ந்து எடுத்தார்கள். கட்டுரைகளில் ‘உள்ளூர்வாசிகள்’ என்று ஒரே சொல். நான் மட்டும்தான் என் ஆய்வேட்டில் ‘கண்டெடுத்தவர்: பஸ்ஸூ’ என்று எழுதியிருக்கிறேன். பஸ்ஸூ என் அப்பா, என் பாபா.

தொழுகை முடிந்து அவர் வந்தார். இடது காலை இழுத்துக்கொண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். அப்போது எனக்குத் தேர்வு, வரவில்லை. யம்மா கூஸ்கூஸ் தட்டை நடுவில் வைத்தாள். தட்டுக்குப் பக்கத்தில் நான் எலும்பை வைத்தேன்.

“சோத்துப் பக்கத்துல செத்ததை வெக்கிறா பாரு. இதுக்குத்தான் படிக்க வெச்சோம்” என்றாள் யம்மா.

“பாபா, இது ஒட்டினதா?”

அவர் பூசணித் துண்டு ஒன்றை என் பக்கம் தள்ளினார். “சாப்பிடு. இளைச்சுட்ட.”

“ஒட்டினதான்னு கேட்டேன்.”

“ஒட்டாம? முழுசா எடுக்க அது என்ன ரொட்டியா? உடைஞ்சுதான் வரும். ஒட்டினேன்.”

“ரெண்டும் ஒரே குழியில எடுத்ததா?”

“ஒரே குழிதான்.”

“ஆணையிட்டுச் சொல்லுங்க.”

“துதா, சோத்துக்கு முன்னாடி ஆணை கேக்காத.” கையை உதறிவிட்டு எழுந்தார். தரையில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, நல்ல காலைக் கூட நம்பாமல், ஒரு தள்ளு தள்ளி எழுந்தார். எப்போதிலிருந்து இவர் இப்படி எழுகிறார்?

வாயால் சொல்லாவிட்டால் எலும்பு சொல்லட்டும் என்று நினைத்தேன். உடைந்த முகங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பல்லுக்குப் பல் பொருந்தினால் ஒரே எலும்பு. பொருந்தாவிட்டால் நான் முட்டாள். கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றி, கோடு மூழ்கும்படி எலும்பைச் சாய்த்து வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்தேன். முற்றம் முழுக்க நகப்பூச்சு அழிக்கும் வாசனை. செம்மண் பொடிப்பொடியாகக் கழன்று அடியில் படிந்தது. மாலைத் தொழுகைக்கு முன்னால் எலும்பு என் கையில் இரண்டாக வந்தது.

இரண்டு முகமும் வழவழவென்று இருந்தன. மேசைப் பலகை மாதிரி தட்டை.

“அரம் போட்டு ராவினேன்” என்றார் பாபா பின்னாலிருந்து. “மேடும் பள்ளமுமா இருந்தா பசை நிக்காது. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. நீ சின்னப் புள்ளையில பாத்ததில்ல?”

பார்த்திருக்கிறேன். வழவழத்த இரண்டு முகங்களையும் அவரிடம் நீட்டினேன். “எது உண்மைன்னு சொல்ல ஒரே ஒரு இடம் இருந்துச்சு பாபா. அதைப் போய் ராவி வெச்சிருக்கீங்க.”

“நல்லா நிக்கணுமேன்னு செஞ்சேன். அவ்ளோ தூரம் பஸ்ல போறது.”

யம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு சும்மா, ஏதோ காணாமல் போன கரண்டியைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னாள். “ஜன்னல்ல ஒரு எலும்பு கிடந்துச்சு. காத்துக்குக் கதவு அடிக்காம முட்டு வெச்சிருந்தேன். ஒரு நாள் காணோம்.”

“எப்ப யம்மா?”

“அந்த வருஷம்தான். நீ ஃபோன்ல கத்தினியே, கீழ்ப்பாதி இருந்தாத்தான் கணக்கு வரும்னு. அதுக்கு முன்னாடியா பின்னாடியான்னு எனக்கென்ன தெரியும், நானென்ன எழுதியா வெச்சேன்?”

“அது முதலை எலும்பு. எலும்பு யாவாரி மொஹா கேட்டான், குடுத்துட்டேன்” என்றார் பாபா.

“மொஹாகிட்ட நீதான் அந்த வருஷம் முழுக்கப் பேசவே இல்லியே” என்றாள் யம்மா.

“பேசாம குடுத்தேன்.”

“இந்த மனுஷன் வாயில பொய்யும் நிக்காது, நெசமும் நிக்காது.” யம்மா என் பக்கம் திரும்பினாள். “பைக்ல விழுந்தாராம். பைக்ல விழுந்தா காதுக்குள்ள, பல்லு இடுக்குல எல்லாம் செம்மண்ணு வருமா? மூணு தடவ குளிப்பாட்டினேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வாயைக் கட்டினார்.”

நான் ஃபோனில் கத்தியது நினைவிருக்கிறது. மேல்பாதி கிடைத்திருக்கிறது என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். பாதியை வைத்து என்ன செய்வது, இவர்களுக்கு எதுவுமே முழுதாகத் தெரியாது என்று எரிந்து விழுந்தேன். நாற்பது நாள் கழித்து, பேருந்து ஓட்டுநர் கையில் முழு எலும்பு வந்து சேர்ந்தது. அந்த நாற்பது நாளில் இவர் மறுபடி குழிக்குள் போயிருக்கிறார். கீழ்ப்பாதியோடு வந்திருந்தால் என் நூற்றிருபது பக்கமும் உண்மை, இவர் கால் போனது என்னால். வெறுங்கையோடு வந்து ஜன்னலில் கிடந்ததை எடுத்து ஒட்டியிருந்தால், கால் போனதும் என்னால், பக்கங்களும் பொய். எது நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது? ஒரு மகள் எதை விரும்புவாள், ஒரு மாணவி எதை விரும்புவாள் என்று யோசித்தேன். தலை சுற்றியது. அசிட்டோனாலும் இருக்கலாம்.

“குழியைக் காட்டுங்க” என்றேன்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். எலும்பின் இரண்டு துண்டுகளும் பையில். செங்குன்றின் இடுப்பில் எறும்புப் புற்று மாதிரி துளைகள். போன வருட மழையில் பாதி மூடிவிட்டன. பாபா கண்ணைச் சுருக்கிப் பார்த்து ஒன்றைக் காட்டினார். பிறகு பக்கத்திலிருந்ததைக் காட்டினார். பிறகு, “இல்ல, முதல்ல சொன்னதுதான்” என்றார். குழியின் வாயில் ஒரு பெரிய பாறை சரிந்து கிடந்தது. அடியில் ஒரு நீல பிளாஸ்டிக் செருப்பின் குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது. இந்த ஊரில் எல்லா ஆணும் போடுகிற அதே நீலச் செருப்பு. பாபா இப்போது போட்டிருப்பதும் அதுதான்.

“உங்களுதா?”

“இருக்கலாம். கூடத் தோண்டின ஹத்தூவும் இங்க ஒரு செருப்பை விட்டான்.”

“உள்ள போனப்ப என்ன நடந்துச்சு பாபா? எலும்பு கெடச்சுதா இல்லியா?”

அவர் பாறை நிழலில் மெல்ல உட்கார்ந்தார். மணலைக் கிளறிக்கொண்டே சொன்னார். “கையில ஏதோ புடிச்சிருந்தேன். அது நெசம். மேல மண்ணு எறங்குச்சு. கால் ரெண்டும் வேலை செய்யல. கை மட்டும்தான் இருந்துச்சு. வெளிய வந்து பாத்தா விரலை விரிக்க முடியல. எலும்பா, கல்லா, பாக்கவே இல்ல. உன் யம்மா பிரிச்சு எடுத்தா, அவளைக் கேளு.”

“அவங்க எனக்கென்ன தெரியும்னுட்டாங்க.”

“அவ அப்படித்தான் சொல்லுவா.” பிறகு என்னைப் பார்த்தார். “அது பறந்துச்சா இல்லியான்னு உன் கணக்குல என்ன வந்துச்சு?”

“பறந்துச்சுன்னு.”

“காலால எம்பியா?”

“இல்ல.” அவர் கைகளைப் பார்த்தேன். “கையால.”

அவர் தலையாட்டினார். ஆமோதித்தாரா, கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. “வா, இருட்டிரும்” என்று இரண்டு உள்ளங்கையையும் மணலில் ஊன்றினார். நான் கை கொடுக்கப் போனேன். “தள்ளி நில்லு” என்றார். தோள் இரண்டும் இறுகின. ஒரு தள்ளு. ஒரு கணம் அவர் உடம்பில் எதுவும் தரையைத் தொடவில்லை. அடுத்த கணம் நின்றுகொண்டு செருப்பைத் தட்டினார்.

அவர் பைக்கை நோக்கி இழுத்து இழுத்து நடந்தார். நான் அங்கேயே நின்றேன். மணலில் இரண்டு கைத்தடங்கள், பத்து விரலும் விரிந்து, மணிக்கட்டுவரை ஆழமாகப் பதிந்திருந்தன. காற்று வந்து, ஒவ்வொரு விரலாக, சுண்டு விரலிலிருந்து நிரப்பத் தொடங்கியது.