ரெண்டு கரண்டி சீனி

எங்கட கத்தோலிக்கப் பங்குக் கோயில் மண்டபத்திலை பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீசுப் படம் ஒண்டு போட்டினம். பணக்காரி மாதிரி நடிக்கிற ஒருத்தி, வந்த விருந்தாளியளுக்குத் தன்ரை சொந்தத் தமையனையே வேலைக்காரன் எண்டு காட்டுறாள். அவன் கையுறையும் போட்டுக்கொண்டு சூப்பை ஊத்துறான், கொட்டுறான், நாய் மேசைவிரிப்பை இழுக்குது. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நான் மட்டும் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தன்.

ஏனெண்டால் அதே வேலையை நான் செய்து மூண்டு கிழமைதான்.

என்ரை மகள் பிறேமினிக்கு மாதவன் எண்ட டொக்டர் மாப்பிள்ளை, சென்னைக் குடும்பம். அவை முதல்முதல் எங்கட வீட்டை வந்தண்டு என்ரை தமையன் றஜீவ் அண்ணைதான் சமைச்சவர். ரெஸ்ரோறன்ற் குசினியிலை முப்பது வரியம் வெந்த மனுசன். என்னை லண்டனுக்கு எடுப்பிச்சதும் அவர்தான். ஏப்ரனோடை வந்து கறியை வைக்க, மாப்பிள்ளையின்ரை தாய் சுலோச்சனா, "பிரமாதம்! சமையல்காரரை எங்க பிடிச்சீங்க?" எண்டா.

"இங்கை பக்கத்திலை, பிளேஸ்டோவிலை இருந்து வாறவர்" எண்டன். அதோடை விட்டனோ? "என்ரை அண்ணை கனடாவிலை எஞ்சினியர்" எண்டும் சேத்துவிட்டன். பாழாய்ப்போன வாய்!

அண்ணை கறிச்சட்டியைத் தூக்கினார். "இன்னும் கொஞ்சம் போடட்டோ, அம்மா?" எண்டு அவவைக் கேட்டார்.

அவை போனபிறகு பிறேமினி கொதிச்சாள். தகப்பனில்லாத பிள்ளை, வாற மாதம் கலியாணத்தண்டு அவளைக் கையைப் பிடிச்சுக் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போகவேண்டிய மாமன் அவர்தான். அண்ணைதான் அவளை அடக்கினார். "கொம்மாவை வெக்கப்படுத்தாதை. நான் கோயில்லை கடைசி வாங்கிலை குந்தியிருந்து கலியாணத்தைப் பாக்கிறன்" எண்டார். அண்டு தொடக்கம் எனக்குச் சோறு இறங்கேல்லை.

இடைவேளை விட்டினம். பக்கத்திலை, படம் பாக்க வந்திருந்த சுலோச்சனா கண்ணைத் துடைச்சுத் துடைச்சுச் சிரிக்கிறா. மண்டபத்துக் குசினி எப்பவும் அண்ணையின்ரை பொறுப்பு. தேத்தண்ணித் தட்டத்தோடை வந்தார்.

"சீனி போடட்டோ, அம்மா?" எண்டு அவவைக் கேட்டார். என்னைக் கேக்கேல்லை. எனக்கு ரெண்டு கரண்டி போட்டுக் கலக்கி நீட்டினார்.

"உங்களுக்கு எத்தனை ஸ்பூன்னு இவருக்கு எப்படித் தெரியும்?" எண்டா சுலோச்சனா.

நான் தேத்தண்ணியைக் கீழை வைச்சன். "இவர் என்ரை கூடப்பிறந்த அண்ணை. நான்தான் பொய் சொன்னனான்" எண்டன்.

அண்ணை தட்டத்தை மற்றக் கைக்கு மாத்தினார்.

"இல்லை அம்மா" எண்டு சிரிச்சார். "இவ படத்தைப் பாத்திட்டுப் பகிடி விடுறா."

சுலோச்சனா என்ரை தோளிலை தட்டித் தட்டிச் சிரிச்சா. அண்ணை அடுத்த வரிசைக்குப் போயிட்டார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது, என்ரை சீவியத்திலை அதுதான் முதல்தரம்.