பலகையில் எரிந்த எண்

பாளையங்கோட்டையில் டி.வி. மெக்கானிக் தேவசிகாமணிக்குத் தன் தொழில்மேல் இருந்த பெருமையை அளக்கத் தனி மீட்டர் வேண்டும். மூடிப்போன மில் ஒன்றின் பழைய எண்காட்டிக் கருவியைப் பிரித்தபோது மூன்று கண்ணாடிக் குழாய்கள் கிடைத்தன. ரேடியோ வால்வு என்று நினைத்து ஆறு வோல்ட் கொடுத்தார். எரியவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், பூஜ்யம் முதல் ஒன்பது வரை மெல்லிய கம்பி எண்கள் உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. நூற்றெழுபது வோல்ட் ஏற்றியதும் ஒரே ஒரு எண் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் குழாயின் அடியில் ஒரு கம்பிக்கால். எந்தக் காலில் இணைப்புக் கொடுக்கிறோமோ அந்த எண் எரியும்.

அதற்குப்பின் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை எலிசபெத்தின் மகள் ஸ்டெபிக்குக் கல்யாணம் வந்தது. தேவாலயத்தில் பாட்டு எண்ணைக் காட்டும் மரப்பலகைக்குப் பதிலாக மின்சாரப் பலகை செய்வதாக ஊரெல்லாம் சொல்லி வைத்தார். ஒரு குழாயின் கால்களை மட்டும் சோதித்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் அதே வரிசையில் கம்பியைப் பற்றவைத்தார். நடுக்குழாயோ வேறு கம்பெனிச் சரக்கு; கால் வரிசையும் வேறு. எல்லா எண்ணையும் ஒருதரம் எரியவிட்டுப் பார்க்கச் சொன்னாள் மனைவி யூனிஸ்.

"எனக்குத் தெரியாத குழாயா? நீ ஒன் சோலியப் பாரு" என்றார்.

போதாக்குறைக்குச் சபைப் போதகரான ஐயரிடம் போய், பாட்டு எண்ணை யாரும் வாயால் சொல்ல வேண்டாம், ஆர்கன் வாசிக்கும் பெனோவுக்குக்கூட முன்கூட்டித் தெரிய வேண்டாம், பலகையே சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஐயரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

கல்யாணத்தன்று பலகைக்குப் பின்னால் நின்று, கல்யாணப் பாட்டின் எண்ணான முந்நூற்றுப் பதினெட்டுக்குச் சுவிட்சைத் திருப்பினார். முன்பக்கம் எரிந்ததோ முந்நூற்று நாற்பத்தெட்டு. பெனோ புத்தகத்தைப் புரட்டி அப்படியே வாசித்தான். அது அடக்க ஆராதனைப் பாட்டு. போன வருஷம் ஸ்டெபியின் அப்பா இறந்து, அடக்கத்துக்கு எடுத்தபோது பாடியதும் அதுதான்.

பழக்கத்தில் பாதிச் சபை முதல் வரியைப் பாடியே விட்டது. பிறகு ஆர்கன் தடுமாறி நின்றது. முன்னால் ஓடிவந்து பார்த்த தேவசிகாமணி சுவிட்சை நோக்கித் திரும்பினார். அணைக்கப் போன கையை எலிசபெத் பிடித்தாள்.

"அண்ணே, அணைக்க வேண்டாம். பாதியில நிறுத்துனா ஸ்டெபி அப்பா அவியளுக்கு மரியாதையா இருக்காது. பாடி முடிக்கட்டும்."

சபை எழுந்து பாடியது. ஸ்டெபி முக்காட்டுக்குள் அழுதாள். எலிசபெத் நாலு வார்த்தை வைதிருந்தால்கூட அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருப்பார். இப்போது கடைசிச் சரணம் முடியும்வரை, ஊரே பார்க்க, அந்த எண்ணின் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.