டிராக்டருக்குச் சொன்ன குறை

பழைய வாகனம் வாங்கப் போகிறவன் முதலில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பிறகு உதட்டைப் பிதுக்கி, "லூஸ்" என்று சொல்ல வேண்டும். அறுபது வருடம் ஓடிய எந்த வண்டியிலும் அது கொஞ்சமாவது லூசாகத்தான் இருக்கும். பொய் சொன்ன பாவமும் இல்லை, விலையும் இறங்கும். பதுளை பஸாரில் என் வாப்பா பழைய சாமான் வாங்கி விற்றுப் பிழைத்தது இப்படித்தான். நானும் இப்படித்தான்.

மடுல்சீமைக்கு மேலே வீரய்யாவின் டிராக்டரைப் பார்க்க இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் இதையே சொல்லிவிட்டு வந்திருந்தேன். வீரய்யா தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டம் கழித்துப் போட்ட அந்தச் சாம்பல் நிற டிராக்டரை வாங்கி, பின்னால் ஒரு பெட்டியைக் கொளுவி, கொழுந்து மூட்டை, விறகு, ஆட்கள் என்று எல்லாவற்றையும் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது ஓடத் தேவையில்லை. பண்டாரவளைப் பக்கத்து ஹோட்டல்காரர் ஒருவர் அதை வாசலில் நிறுத்திப் பூச்சட்டி வைக்கப்போகிறார். வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்களாம். பூச்சட்டி சுமக்கிற வண்டிக்கு ஸ்டீயரிங் எதற்கு? இதை நான் வீரய்யாவிடம் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை மெக்கானிக் கஜேந்திரனையும் கூட்டிக்கொண்டு போனேன். கஜேந்திரன் நல்ல வேலைக்காரன்தான், ஆனால் நான் அவனைக் கூட்டிப்போவது முகத்துக்காக. "பெரிய வேலையா?" என்று நான் கேட்டால், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நின்று, "ரொம்பப் பெரிய வேலைங்க" என்பான். அதற்கே பல பேர் விலையைக் குறைத்திருக்கிறார்கள்.

போன மழையில் பாதை சரிந்து பஸ் நின்றுபோயிருந்தது. மண்ணை ஒதுக்கிய இடுக்கில் டிராக்டர் மட்டும்தான் நுழையும். வேனைச் சரிவுக்குக் கீழே விட்டுவிட்டு ஒரு மைல் ஏறி நடந்தோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டிராக்டர் புறப்படத் தயாராக நின்றது. பின்பெட்டியில் உரச்சாக்கு விரித்து ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் மடியில் கைக்குழந்தை. அவர்களில் பாக்கியலெட்சுமிக்கு நிறைமாதம். அன்று கீழே கிளினிக் நாள். எல்லார் கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய கார்ட்.

"வாங்க மொதலாளி, இன்னைக்கும் லூசுதானா?" என்றார் வீரய்யா.

"பாத்துட்டுச் சொல்றன்."

நான் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். கஜேந்திரன் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்த்தான்.

"பெரிய வேலையா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

தலையை மட்டும் வெளியே நீட்டி, "மொதலாளி, நீங்களே வந்து பாருங்க" என்றான். குரலில் நடிப்பு இல்லை.

கீழே குனிந்து பார்த்தேன். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து இடது சக்கரத்துக்குப் போகிற தண்டு ஒன்று உண்டு. அதன் முனையில் ஒரு இரும்புக் குண்டு, அது உட்கார ஒரு கிண்ணம். கிண்ணத்தின் உதடு தேய்ந்து பிளேடு மாதிரி ஆகியிருந்தது. குண்டு கழன்று விழாமல் இருக்க, செருப்பு ரப்பரை வெட்டி உள்ளே திணித்து, கந்தல் துணியைச் சுற்றி, மேலே வேலிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். துணி கிரீசிலும் சாணியிலும் ஊறி அழுகிப்போயிருந்தது. விரல் வைத்ததும் சீழ் மாதிரி ஒன்று மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. செத்த எலியின் நாற்றம். இதை நம்பித்தான் ஆறு பெண்களும் மூன்று பிள்ளைகளும் அந்த இறக்கத்தில் போகப்போகிறார்கள்.

எழுந்து வந்து சொன்னேன். "வீரய்யா, இதுல ஆளுகள ஏத்த வாணாம். கட்டு அறுந்தா இடது சில்லு அதுட பாட்டுக்குப் போகும். வளைவுல போனா எல்லாரும் பள்ளத்துக்குள்ளதான்."

வீரய்யா சிரித்தார். "அப்ப எவ்வளவு கொறைக்கச் சொல்றீங்க?"

"வெலைய உடுங்க. மெய்யாத்தான் சொல்றன்."

"போன மாசமும் மெய்யாத்தான் சொன்னீங்க."

நான் கஜேந்திரனைப் பார்த்தேன். அவன் முன்னால் வந்து, "ரொம்பப் பெரிய வேலைங்க" என்றான். பாவம், அவனுக்கு வேறு வசனம் தெரியாது. பெட்டியில் இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பாக்கியலெட்சுமி சொன்னாள்: "எங்கம்மாவோட தையல் மெசின வாங்க வந்தப்பவும் ரெண்டு பேரும் இந்த மூஞ்சியத்தான் வச்சிருந்தீங்க. செத்த மெசினு, இரும்புக்குத்தான் ஆகும்னீங்க. இப்ப பசறையில ஒருத்தி அதுலதான் ஊருக்கே சட்ட தைக்கிறா. நீங்க ஒங்க யாவாரத்தப் பாருங்க மொதலாளி. மழ வருது, நாங்க போகணும்."

அந்த மெசினை இரும்பு விலைக்கு வாங்கி, பெயின்ட் அடித்து நான் விற்றது உண்மை. அப்போது அதைக் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். இப்போது என் வாயே எனக்கு நாறியது.

"சரி. நீங்க கேட்ட வெலைக்கே எடுக்கிறன். இப்பவே. ஆளுகள இறக்குங்க" என்றேன்.

வீரய்யாவின் சிரிப்பு நின்றது. "மூணு மாசமா இழுத்தீங்க. இப்ப ஒத்த வார்த்தையில சரிங்கறீங்க. அப்ப வெளிய வெல வேற மாதிரி இருக்கு. நான் யோசிக்கணும். மொதல்ல இவங்கள விட்டுட்டு வந்துர்றேன்."

"விக்காதீங்க. நீங்களே வச்சிக்கங்க. புதுச்சாமான் போட்டு நானே சும்மா செஞ்சி தாறன்."

"சும்மாவா?" வீரய்யா டிராக்டரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே தங்கம் இருக்கிறது என்று யாரோ காதில் சொன்ன மாதிரி ஒரு பார்வை. "இல்லீங்க மொதலாளி. இப்ப இத யாருக்கும் குடுக்கறதா இல்ல." சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணக் கையை நீட்டினார்.

வாப்பா எனக்கு எத்தனையோ சொல்லித் தந்தார். மெய்யைச் சொல்லி நம்பவைப்பது எப்படி என்று மட்டும் சொல்லித் தரவில்லை. கஜேந்திரனின் பையிலிருந்து கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடியும் சேற்றில் படுத்து, வேலிக் கம்பியை அறுத்தேன். தட்டக்கூடத் தேவைப்படவில்லை. குண்டு தானாகக் கழன்று கீழே விழுந்தது. இடது சக்கரம் கால் முறிந்த மாட்டின் குளம்பு மாதிரி வெளிப்பக்கம் திரும்பி நின்றது.

வீரய்யா ஸ்டீயரிங்கைத் திருப்பினார். வலது சக்கரம் மட்டும் திரும்பியது. இறங்கி வந்து பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"நல்லா ஓடுன வண்டிய ஒடச்சிட்டீங்களே மொதலாளி."

"செருப்ப வெட்டி உள்ளுக்கு வச்சது ஆரு?"

"நான்தான் வச்சேன். ரெண்டு வருசம் ஓடுச்சில்ல? நீங்க கை வச்சி ரெண்டு நிமிசத்துல போயிருச்சி. புதுசு வாங்கியாந்து மாட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் தம்பி இங்கனயே இருக்கட்டும்."

கஜேந்திரன் மட்கார்டில் உட்கார்ந்தான். அடகு வைத்த பொருளுக்குக்கூட ஒரு சீட்டுத் தருவார்கள்.

பெண்கள் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். தூறல் விழுந்தது. ஒரு குழந்தை அழுதது. கீழே வேன் நிற்கிறது, சரிவு வரைக்கும் மெல்ல நடந்து வந்தால் கிளினிக் வாசலிலேயே இறக்கிவிடுகிறேன் என்றேன்.

திட்டு நின்றது. "எவ்வளவு?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி.

"ஒண்டும் வாணாம். சும்மாதான்."

ஒருத்தியும் அசையவில்லை. "இன்னைக்கு சும்மா ஏத்துவீங்க. நாளைக்கு எங்க லயத்து வீட்டுக்கு வந்து, அன்னைக்கு ஏத்திட்டுப் போனேன்ல, அந்த வெங்கலப் பானையக் குடுன்னு கேப்பீங்க. நாங்க இங்கனயே இருக்கோம்."

மழை வலுத்தது. வேறு வழி தெரியவில்லை.

"ஆளுக்கு நூறு" என்றேன்.

"நூறா?" ஆறு பேரும் ஒரே நேரத்தில் வாய் திறந்தார்கள். முகங்களில் உயிர் வந்துவிட்டது. "திரீவீல்காரனே அவ்வளவு கேக்க மாட்டான். அம்பது."

"எழுபத்தஞ்சு."

"அம்பதுதான். கைப்புள்ளைங்களுக்குக் கெடையாது."

நான் கொஞ்சம் முகத்தைச் சுளித்து நின்றேன். உடனே விலையை இறக்கினால் மறுபடியும் சந்தேகப்படுவார்கள். நாலு அடி தள்ளிப்போய்த் திரும்பி வந்து, "சரி, அம்பது" என்றேன். மளமளவென்று இறங்கிவிட்டார்கள். பாக்கியலெட்சுமியை மட்டும் இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

வேனடியில் அவள் நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் ஒரு அடி பின்னால் போனாள். வாங்கிக்கொண்டு, அழுக்குக் கையால் சட்டைப் பையைத் துழாவி மீதி ஐம்பதைக் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் பிடித்து நல்ல தாள்தானா என்று பார்த்துவிட்டு, அவள் வேனில் ஏறினாள்.