மான் நிறச் சாயம்

ஊருக்குள் மான்கள் பெருகிவிட்டன. மருத்துவமனை வாசலில் படுத்தன. ரோஜாத் தோட்டங்களை மொட்டையடித்தன. சுடக்கூடாது என்று பாதிப் பேர், விடக்கூடாது என்று மீதிப் பேர். கடைசியில் நகராட்சி கருத்தடை ஊசிக்குச் சம்மதித்தது.

அதற்காக வந்த கால்நடை மருத்துவர் ஒப்பந்த ஊழியர். அடுத்த பருவத்தில் குட்டிகள் குறைந்தால் வேலை நிரந்தரம் என்றார் நகராட்சித் தலைவர். மருத்துவருக்கு இது மூன்றாவது ஊர். மகளுக்கு மூன்றாவது பள்ளி.

துப்பாக்கியிலிருந்து பாயும் ஊசி பெண்மானின் தொடையில் ஹார்மோன் மருந்தை இறக்கும். கூடவே தோலில் மஞ்சள் சாயத்தைப் பீச்சும். மஞ்சள் தெரிந்தால் போட்டாயிற்று, தெரியாவிட்டால் போட வேண்டும்.

சில நாட்களிலேயே தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"என்னம்மா இது, பெயின்ட் கடையில புரண்ட மாதிரி திரியுதுங்க? என் சம்சாரம் ஜன்னலையே திறக்க மாட்டேங்குறா. லட்சணமா ஒரு கலர் போடுங்க."

"என்ன கலர் சார்?"

"மானுக்குப் பொருத்தமா, பிரவுன்."

"மானே பிரவுன்தானே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்!"

பிரவுன் சாயத்துக்கான தீர்மானம் நகராட்சியில் ஒருமனதாக நிறைவேறியது. மழையில் பழைய மஞ்சளும் கரைந்தது. ஒல்லியாக இருந்ததால் 'குண்டூசி' என்று பெயரெடுத்த துப்பாக்கிக்காரர் ஒரு மானைக் குறிபார்த்தபடி தலையைச் சொறிந்தார்.

"டாக்டரம்மா, இது போட்டதா, போடாததா?"

"தெரியலையேப்பா."

"பாவம், மறுபடியும் என்னைப் பார்த்து வாலாட்டுது."

பிஸ்கட்டுக்குப் பழகிய மான்களே கிட்டே வந்து திரும்பத் திரும்ப ஊசி வாங்கின. பயந்த சுபாவமுள்ளவை புதருக்குள் குடும்பம் நடத்தின. மருத்துவர் எழுதிய ஆட்சேபத்துக்குப் பதில் வந்தது: புதிய சாயம் குறித்துப் பொதுமக்களிடமிருந்து புகார் எதுவும் இல்லை.

பருவம் வந்தது. குட்டிகளும் வந்தன, முந்தைய ஆண்டைவிட அதிகமாக.

"இதெல்லாம் பக்கத்து ஊர்க் குட்டிங்கன்னு அறிக்கையில எழுதிடுங்க," என்றார் தலைவர். "நாளைக்கே நிரந்தர ஆர்டர்."

"நம்ம ஊர் மான்கிட்டதானே சார் பால் குடிக்குது?"

"தாராள மனசும்மா. நம்ம ஊர்த் தண்ணி அப்படி."

மருத்துவருக்கு மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த ஊரில்தான் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள். பேனாவைத் திறந்தார், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"நடந்ததையே எழுதிடறேன் சார்."

"அதை எழுத டாக்டர் எதுக்கும்மா? குண்டூசி போதுமே."

அன்று மாலை மகள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப எங்க?"

"பக்கத்து ஊர்தான்டா. பஸ்ல வந்து உன் ஃப்ரெண்டைப் பார்க்கலாம்."

"அங்கயும் மானா?"

"ஆமா. ஆனா அவங்க ஊர் மான் இல்லையாம். எல்லாம் இந்த ஊர்லேர்ந்து வந்ததுன்னு சொல்றாங்க."